தறி நின்ற நாளில் கேட்ட ஆம்ப்ளிஃபையர்

வெண்ணந்தூர்
19.9.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீயும் அண்ணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன், நினைத்துக்கொள்ளத்தான் முடிகிறது. மேட்டூர் என்ன சீமையிலா இருக்கிறது? ஆடிக்கு வருகிறேன் என்றாய், ஆவணியும் போய்விட்டது.

ஃபோனில் பேசாமல் எதற்குக் காகிதம் என்று அண்ணி கேட்பார். எட்டுத் தறி ஓடுகிற வீட்டில் எதையும் கத்தித்தான் பேச வேண்டும். இது கத்திச் சொல்லும் சமாச்சாரம் இல்லை.

உன் ஆம்ப்ளிஃபையரைப் பற்றி நான் எழுதிய விமர்சனம் ‘நற்செவி’ பத்திரிகையின் ஆகஸ்ட் இதழில் வந்ததிலிருந்து ஆசிரியர் மதியழகன் சாருக்குக் கடிதமாக வருகிறதாம். ஒரு பெண் தறிச்சாலையை வைத்துக்கொண்டு, மாதம் ஒரு அமாவாசைக்குத் தறி நிற்கும்போது மட்டும் உட்கார்ந்து கேட்டு எழுதுகிறாளே என்று சிலருக்கு அதிசயம். எனக்கு வேறு வழி ஏது? மற்ற நாளில் வயலின் எது, தறிக் கட்டை அடிக்கிறது எது என்று தெரியாது. “பாட்டு நின்ற இடத்தில் இந்தப் பெட்டி மூச்சுக்கூட விடுவதில்லை, ஹம் என்கிற ரீங்காரமே இல்லை” என்று நான் எழுதிய வரியைத்தான் எல்லோரும் திருப்பிச் சொல்கிறார்களாம். பெருமையாகத்தான் இருந்தது. அதைச் செய்தவர் என் கூடப் பிறந்தவர் என்று எழுதாமல், “தயாரிப்பாளர் கொடுத்தது” என்று மட்டும் போட்டேனே, அது ஒன்றுதான் சோற்றில் கல்லாய் நெருடிக்கொண்டிருந்தது.

நேற்று எனக்கே ஒரு கடிதம் வந்தது. குருசாமிபாளையம் குழந்தைவேல் என்பவர். விமர்சனத்தைப் படித்து உன்னிடம் வாங்கியவர். சத்தம் நான் சொன்னபடியே இருக்கிறதாம். ஆனால் அவர் மனைவி செல்லாயி ஈரத்துணியால் துடைக்கும்போது கை சுருக்கென்று இழுத்ததாம். “உங்க ஊட்டுல அப்படி ஏதாச்சும் இருந்துச்சுங்களா?” என்று கேட்டிருக்கிறார். கோபமே இல்லாமல் கேட்டிருக்கிறார், அதுதான் பயமாக இருக்கிறது.

நீ எனக்கு அனுப்பிய பெட்டியைக் கெஞ்சிக் கேட்டு நானே வைத்துக்கொண்டேன் அல்லவா? வெண்ணிலா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதன் முன்பக்கத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டுதான் பாட்டுக் கேட்கிறாள். கதகதப்பாக இருக்கிறதாம். ஏழு வயதுப் பிள்ளை. இந்தக் கடிதம் வந்ததும் முதல் வேலையாக பிளக்கைப் பிடுங்கிப் போட்டேன்.

எதுவாக இருக்கும் அண்ணா? உடனே எழுது.

அன்புத் தங்கை
நர்மதா


மேட்டூர்
23.9.2024

அன்புள்ள பாப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் எழுத்தைப் பார்த்து உன் அண்ணி, “என்னங்க, ஊட்டுல ஏதாச்சும் ஆயிருச்சுங்களா?” என்று பதறிப்போனாள். யாரோ ஒரு அம்மாவுக்குக் கை சுருக்கென்றதற்கு இத்தனை பக்கமா?

அவர்கள் வீட்டில் எர்த் இருக்காது. நம் பக்கம் எந்த வீட்டில் இருக்கிறது? மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இல்லாமல் சுவரில் பிளக் பாயிண்டைப் பதித்துவிட்டுப் போகிற எலக்ட்ரீசியன்கள்தான் நமக்கு வாய்த்தவர்கள். ஈரத்துணியை வைத்துத் தொட்டால் மிக்ஸிகூடத்தான் சுருக்கென்னும். செருப்புப் போட்டுக்கொண்டு தொடச் சொல்.

இங்கே குவார்ட்டர்ஸில் முதல் பெட்டி ஒரு வருஷமாக ஓடுகிறது. உன் அண்ணி அதன் மேல் பூ ஜாடி வைத்திருக்கிறாள். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நல்ல செய்தி கேள். உன் விமர்சனம் வந்த பிறகுதான் விற்கவே ஆரம்பித்தேன், அதற்குள் முப்பது போயிருக்கிறது. குமாரபாளையம், சங்ககிரி, ஆத்தூர், எங்கெங்கிருந்தோ கூப்பிடுகிறார்கள். அடுத்த வருஷம் கம்பெனியிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு முழுநேரமும் இதையே செய்யலாம் என்று இருக்கிறேன். இருபத்தாறு வருஷம் கொதிகலன் பக்கத்தில் நின்ற காது இது. மிச்சம் இருக்கிற காலத்துக்காவது நல்ல சத்தம் கேட்கட்டும்.

ஒன்று மட்டும். மூடியைத் திறக்காதே. திருகாணிகளின் மேல் சீல் வைத்திருக்கிறேன், உடைத்தால் வாரண்டி போய்விடும். உனக்கு ஏது வாரண்டி என்று சிரிக்காதே. சொன்னால் கேள்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். தீபாவளிச் சீரோடு நேரில் வருகிறேன்.

அன்பு அண்ணன்
சரவணக்குமார்


வெண்ணந்தூர்
27.9.2024

அண்ணாவுக்கு,

மூடியைத் திறந்துவிட்டேன். திட்டுவதானால் முழுதும் படித்துவிட்டுத் திட்டு.

செவ்வாய்க்கிழமை எட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருக்கும்போது பிளக்கைச் செருகி, வோல்ட் மீட்டரின் ஒரு முனையைப் பெட்டியின் இரும்பிலும் மறுமுனையைக் கிணற்றடிக் குழாயிலும் வைத்தேன். முப்பத்தெட்டு வோல்ட். பக்கத்து வீட்டுப் பன்னிரண்டு தறியும் சேர்ந்து ஓட ஆரம்பித்ததும் ஐம்பத்திரண்டு. உன் மாப்பிள்ளையிடம் சொல்லித் தறிகளை நிறுத்தச் சொன்னேன். எதற்கு என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் ஓடிப்போய் நிறுத்தினார். பக்கத்து வீட்டிலும் சொல்லி நிறுத்தினார்கள். மீட்டர் இரண்டுக்கு இறங்கிவிட்டது.

புரிகிறதா அண்ணா? நான் கேட்டது ஆனி அமாவாசையில். தெருவில் ஒரு தறிகூட ஓடவில்லை. என் ஊரில் வருஷத்தில் பன்னிரண்டு நாள் மட்டும் சாதுவாக இருக்கிற பெட்டியை, அந்த ஒரு நாளில் பார்த்துவிட்டு நல்ல பெட்டி என்று எழுதிவிட்டேன்.

பிறகுதான் திருகாணியைத் தொட்டேன். சீல் என்றாயே, அது அண்ணியின் சிவப்பு நெயில் பாலிஷ். உள்ளே வேலை அழகாக இருக்கிறது, ஒவ்வொரு வயரும் பூத்தொடுத்த மாதிரி கட்டியிருக்கிறாய். அந்த அழகுக்கு நடுவில் ஒரு ஜாண் கறுப்பு வயர், கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் கம்பியிலிருந்து நேராக இரும்புப் பெட்டிக்கு. எர்த் இல்லாத வீட்டிலும் ஹம் வரக் கூடாது என்று நியூட்ரலையே எர்த்தாக்கிவிட்டாய். தறி ஓடி நியூட்ரலில் என்ன ஏறினாலும் அது பெட்டியில் ஏறும். அதோடு போனால் பரவாயில்லை. ஏதோ ஒரு வீட்டில் பிளக் பாயிண்டில் இரண்டு வயரையும் மாற்றி முடுக்கியிருந்தால்? பெட்டி முழுக்க இருநூற்று முப்பது நிற்கும்.

நான் புகழ்ந்து எழுதிய அந்த அமைதி இருக்கிறதே, அது இந்த வயர்தான்.

இதுவரை பதினேழு கருவிகளுக்கு எழுதியிருக்கிறேன். மூடியைத் திறந்து பார்க்காமல் எழுதியது உன்னுடையது ஒன்றுதான். அண்ணன் செய்ததைப் பிரித்துப் பார்ப்பது மரியாதையில்லை என்று நினைத்தேன்.

முப்பது வீட்டுக்கும் இப்போதே ஃபோன் செய். பிளக்கைப் பிடுங்கச் சொல். காரணம் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

நர்மதா


மேட்டூர்
1.10.2024

பாப்பாவுக்கு,

திறக்காதே என்றேன். கேட்டாயா?

சரி, பார்த்துவிட்டாய். நான் சொல்வதையும் கேள். முதலில் செய்த நாலு பெட்டியை நாலு வீட்டில் வைத்துப் பார்த்தேன். எல்லா வீட்டிலும் ஹம். என்னென்னவோ மாற்றிப் பார்த்தேன், போகவில்லை. கடைசியில் இந்த வயரைப் போட்டதும் கத்தரித்த மாதிரி நின்றுவிட்டது. அந்த அமைதியைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, பாப்பா. இங்கே குவார்ட்டர்ஸ் லைன் சுத்தம். தறிக்காரர்கள் வீட்டில் இப்படி ஆகும் என்று யார் கண்டது?

இதை நீ பத்திரிகையில் எழுதினால் என்ன ஆகும் தெரியுமா? வேலையில் இருந்துகொண்டு வெளியில் தொழில் செய்தான் என்று கம்பெனியில் விசாரணை வரும். விருப்ப ஓய்வு எங்கே, பெயர் எங்கே? அதை விடு. கரண்ட் அடிக்கிற பெட்டியை விற்றவன் என்று உன் பிறந்த வீட்டுக்குப் பெயர் வரும்.

நான் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, சர்வீஸ் என்று சொல்லிப் பெட்டியை வாங்கி, வயரை எடுத்துவிட்டுக் கொடுத்துவிடுகிறேன். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். தீபாவளி வரை பொறு. ஃபோன் செய்து பிளக்கைப் பிடுங்கு என்றால் ஊரே கூடிவிடும்.

அண்ணனை விட்டுக்கொடுக்க மாட்டாய் என்று நம்புகிறேன்.

சரவணக்குமார்


வெண்ணந்தூர்
16.10.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

மழை பிடித்துக்கொண்டது. போன வருஷமெல்லாம் மழை வந்தால் உனக்கு ஃபோன் செய்து அணையில் தண்ணீர் எவ்வளவு என்று கேட்பேன். இப்போது ஓட்டில் முதல் சொட்டு விழுந்ததும் முப்பது வீட்டுத் தரை ஈரமாவதுதான் கண்ணுக்குத் தெரிகிறது.

எத்தனை பெட்டி திரும்பி வந்தது என்று போன வாரம் கேட்டேன். நாலு என்றாய். பதினைந்து நாளில் நாலு. இன்னும் இருபத்தாறு வீடு.

நீ பொறு என்றதற்காக, வந்த கடிதத்துக்குப் பதில்கூட எழுதாமல் இருந்தவள், திங்கட்கிழமைதான் குருசாமிபாளையம் போய்வந்தேன். குழந்தைவேல் நெசவுக்குப் பாவு நூல் ஓட்டுகிறவர், வீட்டில் பாதி இடம் பாவுக்கே போய்விட்டது. மீதியில் உன் பெட்டி, சாமி படத்துக்குக் கீழே. பெட்டிக்கு முன்னால் நாலாக மடித்த உரச்சாக்கு ஒன்று கிடந்தது. செல்லாயி அம்மா அதன் மேல் ஏறி நின்று, முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டுதான் சுவிட்சைப் போடுகிறார். தினமும் அப்படித்தானாம்.

“கடிக்குதுன்னு தெரிஞ்சும் எதுக்குங்க வச்சிருக்கீங்க?” என்று கேட்டேன்.

“புஸ்தகத்துல நீங்க ஒண்ணும் சொல்லலீங்களே சாமி. அப்புறம் எங்க ஊட்டுலதான் கோளாறுன்னு நெனச்சுக்கிட்டேன்” என்றார்.

அண்ணா, அந்த வார்த்தையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தன் விரலில் இழுத்ததை நம்பாமல் நான் எழுதியதை நம்பியிருக்கிறார். விமர்சனம் எழுதுகிறவளுக்கு நல்ல காது வேண்டும், நல்ல தமிழ் வேண்டும் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். எந்த அறையில், எந்த ஸ்பீக்கரில், எத்தனை நாள் கேட்டேன் என்று மறக்காமல் எழுதுவேன். எதைப் பார்க்கவில்லை என்று எழுதியதே இல்லை. “மூடியைத் திறக்கவில்லை, தறி ஓடும்போது தொட்டுப் பார்க்கவில்லை” என்று ஒரு வரி போட்டிருந்தால் செல்லாயி அம்மா அந்தச் சாக்கின் மேல் நின்றிருக்க மாட்டார்.

அங்கேயே மூடியைக் கழற்றி வயரை வெட்டிவிட்டேன். பிறகு போட்டுப் பார்த்தால் ஹம் வந்துவிட்டது. குழந்தைவேலுக்கு முகம் வாடிப்போனது. “முன்னாடி இருந்த மாதிரி வராதுங்களா?” என்று கேட்டார். வராது என்றேன். செய்தது என் அண்ணன் என்பதையும் சொன்னேன். வழியனுப்ப வாசல் வரை வந்தார், ஆனால் போய்வாருங்கள் என்று சொல்லவில்லை.

திருத்தம் எழுதப்போகிறேன். மதியழகன் சாரிடம் சொல்லிவிட்டேன். ஆனால் இதழ் நவம்பர் கடைசியில்தான் வரும், மழை அதுவரை காத்திருக்காது. யார் யார் வாங்கினார்கள் என்பது உனக்கு மட்டும்தான் தெரியும். பெயரும் ஊரும் எழுதி அனுப்பு. உனக்குக் கூச்சமாக இருந்தால் நானே எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறேன்.

உன்னை விட்டுக்கொடுக்கவில்லை. செல்லாயி அம்மாவை எப்படி விட்டுக்கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.

அன்புத் தங்கை
நர்மதா


வெண்ணந்தூர்
24.10.2024

அண்ணாவுக்கு,

பதில் இல்லை. ஃபோனை எடுப்பதில்லை. அண்ணியைக் கூப்பிட்டால், “அவங்க லீவு போட்டுட்டு வெளியில போயிருக்காங்க, எங்கன்னு சொல்லலீங்க” என்கிறார். குரல் சரியில்லை. எங்கே போனாய்? ஃபோன் அடிக்கும்போதெல்லாம் ஏதோ ஒரு வீட்டில் ஏதோ ஆகிவிட்டது என்றுதான் ஓடிப்போய் எடுக்கிறேன். இப்போது உனக்கே ஏதாவது ஆகிவிட்டதோ என்ற பயமும் சேர்ந்துகொண்டது. கோபமாக இருந்தால் கோபம் என்று ஒரு வரி எழுது.

திருத்தத்தை எழுதிவிட்டேன். அச்சுக்குப் போகும் முன் நீதான் முதலில் படிக்க வேண்டும்.

“ஆகஸ்ட் இதழில் நான் விமர்சித்த ஆம்ப்ளிஃபையரை வாங்கியவர்கள் இதைப் படித்ததும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். அதன் இரும்புப் பெட்டியில் மின்சாரம் ஏறும். உங்கள் கையில் சுருக்கென்றிருந்தால் கோளாறு உங்கள் வீட்டில் இல்லை, பெட்டியில். ஹம்மே இல்லை என்று நான் எழுதியது உண்மை; அது ஏன் இல்லை என்று நான் பார்க்கவில்லை. நியூட்ரலைப் பெட்டியோடு சேர்த்திருந்ததால் இல்லை. அந்தக் கருவியை நான் ஒரே ஒரு அமாவாசை நாளில், தறிகள் நின்றிருந்தபோது, மூடியைத் திறக்காமல் கேட்டேன். அதைச் செய்தவர் என் உடன்பிறந்த அண்ணன். அதை உங்களிடம் மறைத்தேன். அவர் செய்தது தெரியாமல் நேர்ந்த தவறு. நான் செய்தது அப்படியல்ல. இந்த இரண்டையும் தெரிந்துகொண்ட பிறகு என் பழைய விமர்சனங்களை எவ்வளவு நம்புவது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.”

இதற்கு மேல் சுருக்கத் தெரியவில்லை. உன் பெயரைப் போடவில்லை.

தீபாவளிக்கு இன்னும் ஒரு வாரம். நீ வருவாய் என்று வெண்ணிலா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சீர் வேண்டாம், நீ மட்டும் வா. வர முடியாவிட்டால் அந்தப் பட்டியலையாவது அனுப்பு.

நர்மதா


மேட்டூர்
8.11.2024

நர்மதாவுக்கு,

தீபாவளி அன்று ஆத்தூரில் இருந்தேன். லீவு போட்டுவிட்டு வீடு வீடாகப் போனேன். முதல் இரண்டு வீட்டில் சர்வீஸ் என்று பொய் சொன்னேன், மூன்றாவது வீட்டிலிருந்து சொல்லவில்லை.

அந்த மூன்றாவது வீடு குமாரபாளையத்தில். உஷாராணி என்று ஒரு பெண். இடுப்பில் ஆறு மாதக் குழந்தை. பெட்டியைப் பார்க்க வந்திருக்கிறேன் என்றதும், “நல்லா பாடுதுங்க” என்று சொல்லிக்கொண்டே அதைத் தட்டிக் காட்டக் கையை நீட்டினாள். டெஸ்டரை வைத்தேன். நீ எழுதியிருந்தாயே, இரண்டு வயரையும் மாற்றி முடுக்கிய வீடு. டெஸ்டர் பளிச்சென்று எரிந்தது. தொடாதேம்மா என்று கத்திவிட்டேன். குழந்தை அழ ஆரம்பித்துவிட்டது. இத்தனை நாள் ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு தொட்டிருக்கிறாள், அதனால் உயிரோடு இருக்கிறாள். வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். அவளே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

பட்டியல் இத்துடன் இருக்கிறது. முப்பது பெயர், முப்பதுக்கும் நேராக டிக் போட்டிருக்கிறேன். எல்லா வயரையும், இங்கே எங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்ததையும், எடுத்துவிட்டேன். குழந்தைவேல் வீட்டில் நீ வெட்டியதையும் ஒரு தடவை சரிபார்த்தேன். செல்லாயி அம்மா இன்னும் அந்தச் சாக்கை எடுக்கவில்லை. முப்பத்தொன்றாவதாக உன் பெயரை எழுதி டிக் போடாமல் விட்டிருக்கிறேன். அங்கே போகவில்லை.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். உன் திருத்தத்தைப் படித்தேன். எல்லாம் சரி, ஒரு இடத்தைத் தவிர.

ஜூன் மாதம் கொளத்தூரில், என்னோடு வேலை செய்கிற சிவக்குமார் தோட்டத்துக்கு, போட்டுக் காட்ட ஒரு பெட்டியைக் கொண்டுபோயிருந்தேன். போர்வெல் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியைத் தொட்டேன், முழங்கை வரை இழுத்தது. மோட்டாரை நிறுத்தியதும் ஒன்றும் இல்லை. ஏன் என்று எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. இருபத்தாறு வருஷம் பவர் ஹவுஸில் இருக்கிறவனுக்குத் தெரியாமல் போகுமா? வயரை எடுத்தால் ஹம் வரும், ஹம் வந்தால் நீ எழுதுவாய். மறுநாள் உன் அண்ணியின் நெயில் பாலிஷை எடுத்துத் திருகாணிகளில் வைத்தேன். ஜூலை மூன்றாம் தேதி பெட்டியை உனக்கு அனுப்பினேன். ஐந்தாம் தேதி அமாவாசை. நீ தறி நின்றால்தான் கேட்பாய் என்பது எனக்குத் தெரியும். நாளைப் பார்த்துத்தான் அனுப்பினேன்.

பிறகு, அந்தப் பெட்டி உனக்கே வேண்டும் என்று கேட்டாய். தர மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பாய். அதனால் சரி என்றேன். வெண்ணிலா அதில் கன்னத்தை வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்கிறாள் என்று நீ எழுதிய அன்றைக்கும், உனக்குத் தமாஷாகத்தான் பதில் எழுதினேன்.

பொய் சொன்ன வீடுகளுக்கும் திரும்பப் போய், முப்பது வீட்டு வாசலிலும் நின்று தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். உன் வாசலில் அந்தப் பிள்ளை ஓடி வரும். அங்கே நிற்க எனக்குப் பயமாக இருக்கிறது.

தீபாவளிக்குத் தவறிப்போன சீரை உன் அண்ணி கொண்டுவருவாள். அவளிடம் ஒன்றும் கேட்காதே, அவளுக்கு எதுவும் தெரியாது.

திருத்தத்தில் என் பெயரை இனிஷியலோடு போடு. ‘தெரியாமல் நேர்ந்த தவறு’ என்று எழுதியிருக்கிறாயே, அதில் ‘தெரியாமல்’ என்பதை அடித்துவிட்டு அச்சுக்குக் கொடு.

சரவணக்குமார்